காலைப் பரேட்

ஆலிவ் பச்சை அடிக்க முடியாது. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “பச்சை எப்போ அடிக்கறீங்க?” என்பதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 121ஆம் விதியின்படி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமில்லாத வண்டிக்கு அந்த நிறம் பூசக் கூடாது. ஜபல்பூரிலிருந்து வெளியே வந்த நாளில் இந்த வண்டியின் மேல் இருந்தது அந்த நிறம்தான். பழையபடி ஆக்குகிறேன் என்று இறங்கினால் வாசற்படியிலேயே சட்டம் உட்கார்ந்திருக்கிறது.

கொஞ்ச நாள் அதன் மேல் எரிச்சல் இருந்தது. இப்போது இல்லை. நிறத்தைப் பார்த்தே தடுப்புக் கம்பை உயர்த்துகிற வாசல்கள் இந்த நாட்டில் உண்டு. அந்த நிறத்தைப் பெயின்ட் கடையில் கேட்டவருக்கெல்லாம் கலக்கிக் கொடுக்கக் கூடாது என்பது நியாயம்தான். எரிச்சல் தணிந்த பிறகுதான் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்தது: நிறம் கிடையாது என்றால், இந்த வண்டிக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

*

வண்டி ஜோங்கா. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி என்ற நீளப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். மூலம் ஜப்பானுடையது: நிசான் பேட்ரோல் 60 வரிசை. உரிமம் வாங்கி ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகச் செய்தார்கள். 1969இல் முதல் வண்டிகள் வந்தன. அதற்குப் பத்தாண்டு முன்பே அதே ஊரில் ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் சக்திமான் லாரிகள் வரத் தொடங்கியிருந்தன. சக்திமான் மூட்டை சுமந்தது. ஜோங்கா ஆளையும், வயர்லெஸ் பெட்டியையும், தேவைப்பட்டால் பீரங்கியையும் சுமந்தது. கனமான ஏணிச் சட்டம், நான்கு சக்கரத்துக்கும் இலைவில், நான்கிலும் டிரம் பிரேக், முன்னால் மடக்கிப் படுக்க வைக்கக்கூடிய கண்ணாடி.

பேட்ரோல் 60 வேறு நாடுகளில் வேறு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1962இல் ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர் மனைவி மக்களோடு இப்படி ஒரு பேட்ரோலில்தான் சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தார். மோட்டார் வண்டியில் அதைக் கடந்தது அதுவே முதல் தடவை. அங்கே அது குடும்ப வண்டி. இங்கே சீருடை போட்டுவிட்டோம்.

*

பெயின்ட் சுரண்டும் வேலை மற்ற வேலைகளைப் போல இல்லை. இடது முன் மட்கார்டில், கைக்கு வாகான ஓரிடத்தில், 180ஆம் நம்பர் நீர்க் காகிதத்தை வைத்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனேன். மேலே கடைசி உரிமையாளர் அடித்த கறுப்பு. அது தோட்டத்தில் ஆளை விட்டு பிரஷ்ஷால் பூசியது, மயிர் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே ஏலத்துக்கு அப்புறம் யாரோ அடித்த மட்டமான வெள்ளை. அதற்கும் கீழே பச்சை. நின்றுவிடலாம் என்றிருந்தேன். கை நிற்கவில்லை. பச்சைக்கு அடியில் மணல் நிறம் வந்தது, அதற்கு அடியில் மறுபடி பச்சை, கொஞ்சம் கரும்பச்சை, கடைசியில் ரெட் ஆக்சைடு, பிறகு தகடு. உள்ளங்கை அகலத்துக்குள் வளையம் வளையமாக எல்லாம் தெரிகிறது. ஒவ்வொரு நிறத்தின் விளிம்பும் அடுத்ததற்குள் கரைகிறது. எங்கே பச்சை முடிந்து எங்கே மணல் தொடங்குகிறது என்று விரலால் தொட்டுச் சொல்ல முடியாது, கண்ணால் மட்டும்தான்.

இதில் எது பழைய நிறம்? அடியிலுள்ள பச்சை என்றால் மணல் நிறத்தில் ஓடிய வருடங்கள் பொய்யா? தோட்டக்காரர் அடித்த கறுப்புக்கு மட்டும் ஏன் மரியாதை இல்லை? அவர் கைக்காசு போட்டு வாங்கி, மழையில் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அடித்தார். பழமையைக் காப்பாற்றுகிறவர்கள் நாம் என்று சொல்லிக்கொண்டு, நமக்குப் பிடித்த ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற வருடங்களை உப்புத்தாளால் அழிக்கிறோம். எல்லா மறுசீரமைப்பிலும் இந்த அநியாயம் இருக்கிறது. கோயில் தூண்களுக்கு மணல் பீய்ச்சி அடிக்கிறபோதும் இதுதான் நடக்கிறது.

வலது முன் சக்கரத்துக்கு மேலே தேய்த்தபோது ஸ்டென்சில் எழுத்து வந்தது: டி.பி. என்ற இரண்டு ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஓர் எண். எண்ணில் பாதி போய்விட்டது. டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதைச் சக்கரத்துக்கு மேலேயே எழுதிவைப்பது ராணுவ வழக்கம். ஓட்டுபவர் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர். வண்டி யாரையும் நம்பி இருக்கக் கூடாது, தேவையானது தன் மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

பம்பரில் அம்புக்குறியும் இருக்கிறது. பெயின்டில் தெரியாது, சாய்வாக டார்ச் அடித்தால் மட்டும் மேடு தெரிகிறது. ராணுவ வண்டிகளின் எண்ணில் மேல்நோக்கிய அம்பு, பிறகு வாங்கிய வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு எழுத்து, தொடர் எண். அரசுக்குச் சொந்தமான பொருளுக்கு அம்பு போடும் பழக்கம் ஆங்கிலேயர் விட்டுப்போனது. இதில் அம்புக்குப் பக்கத்தில் 84.

*

மிலிட்டரி வந்தார். பக்கத்து வீதியில் இருக்கிறார். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராணுவத்தின் மெக்கானிக் படையான இ.எம்.இ.யில் இருந்தவர். 1943இல் அமைத்த படை அது. ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிதான். எனக்கு ‘அண்ணா’.

வந்தவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், காலையில் கட்டுத்தரைக்குப் போகிறவர் மாட்டைப் பார்ப்பதுபோல. குனிந்து அடியில் தரையைப் பார்த்தார். டயரை உள்ளங்காலால் தட்டினார். பிறகு பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

“வெள்ளை இருக்குதுங்களா பாருங்க அம்மணி.”

பின் அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டையாகப் புடைத்திருக்கும் இடம். கிரீஸும் மண்ணும் விரற்கடை தடிமனுக்கு அப்பியிருந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் வெள்ளை வட்டம் வந்தது.

இரவில் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது அதுதான் வழி என்றார். வண்டியின் அடியில் சின்ன பல்பு ஒன்று இந்த வெள்ளையின் மேல் மட்டும் வெளிச்சம் போடும். மேலிருந்து பார்க்கிற விமானத்துக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்கு மட்டும் தெரியும். அந்த வட்டத்தைப் பார்த்தபடி ஓட்ட வேண்டும். ரோடு தெரியாது, பள்ளம் தெரியாது, முன்னால் எத்தனை வண்டி போகிறது என்பதும் தெரியாது. வட்டம் பெரிதானால் நெருங்கிவிட்டோம், சிறிதானால் பின்தங்கிவிட்டோம்.

“ராத்திரி முழுக்கவா அண்ணா?”

“விடியற வரைக்கும். தூக்கம் வந்தாத்தான் பிரச்சனை. வட்டம் ரெண்டாத் தெரிய ஆரம்பிச்சிரும்.”

கண்ணை மூடி உட்கார்ந்து ஒரே புள்ளியில் மனத்தை நிறுத்தச் சொல்லித் தருகிற வகுப்புகளுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே புள்ளியை விட்டு நழுவினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பின்னால் வரிசையாகப் பத்து வண்டி வந்துகொண்டிருக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்று இரவு யோசித்தேன்.

*

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 3,956 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், பெட்ரோல். ஏலத்தில் வெளியே வந்த ஜோங்காக்களில் பெரும்பாலானவற்றின் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிவிட்டார்கள். லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓடுகிற வண்டியை வைத்து யாருக்குக் கட்டுப்படி ஆவது? ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் பழைய ஜீப்புகளைப் பிரித்து மாற்றிக் கட்டுவது தனித் தொழிலாகவே இருக்கிறது.

இது தப்பியது எப்படியென்றால், வாங்கியவரால் ஓட்டவும் முடியவில்லை, எஞ்சின் மாற்றச் செலவழிக்கவும் மனமில்லை. புளியமரத்தடியில் நிறுத்தி, மேலே கறுப்பை அடித்து, விட்டுவிட்டார். அவர் கொஞ்சம் வசதியானவராக இருந்திருந்தால் இன்று இந்த எஞ்சின் இல்லை.

இறுகிய எஞ்சினோடு சண்டை போடக் கூடாது. ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் கலந்து ஊற்றி, துணி அடைத்து விட்டுவிட வேண்டும். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் துரு கட்டிய இடத்தில் அது தானாக இறங்கும். அவசரப்பட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரில் சுற்றினால் வளையம் உடையும், சுவரில் கீறல் விழும். இறங்கிவிட்டதா என்று பார்க்க, முன்னால் கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு ஒரு பக்கம் மெல்ல அழுத்தி, பிறகு மறுபக்கம் அழுத்திப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் இன்னும் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

இந்த வீட்டுக்குள் போவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. வேலை என்றால் கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்றே பழகிவிட்டோம். எண்ணெய் இறங்குவதும் வேலைதான், ஆனால் அது என் வேலை இல்லை.

அசைந்தது ஒரு மழை நாளில். புல்லியில் சாக்பீஸால் போட்ட கோடு, எதிரே டைமிங் கவரில் போட்ட கோட்டிலிருந்து நகம் அகலத்துக்கு விலகியிருந்தது. அவ்வளவுதான். மறுபக்கம் அழுத்தினேன், கோடு திரும்பி வந்தது. முன்னும் பின்னுமாக, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்தித் திரும்ப வேண்டும். ஒரு முழுச் சுற்று வருவதற்குள் இருட்டிவிட்டது. ஆறாவது பிளக் ஓட்டையிலிருந்து துருக் கலந்த எண்ணெய் பீறிட்டு முழங்கை வரை வழிந்தது.

வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. முதல் மூன்று பிஸ்டனும் பின் மூன்று பிஸ்டனும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இயங்கும். ஒன்றின் உதறலை இன்னொன்று விழுங்கிவிடும். அதனால் அமைதிப்படுத்தத் தனியாகத் தண்டு எதுவும் வேண்டாம். தீப்பற்றும் முறை 1, 5, 3, 6, 2, 4. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒருபோதும் அடுத்தடுத்துப் பற்றாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒயர்களை மாட்டும்போது இந்த எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததில், வாசல் கூட்டும்போதும் அதே தாளத்தில் வாய் போய்க்கொண்டிருந்தது.

*

பிரேக் வேலையைப் பற்றி எழுத அதிகமில்லை. நான்கு டிரம்மையும் கழற்றி, வீல் சிலிண்டர் ரப்பர் மாற்றி, குழாய் எல்லாம் புதிது போட்டாயிற்று. ஒன்று மட்டும்: அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும் கம்ப்ரஸர் காற்று அடிப்பதும் பட்டறைகளில் சாதாரணம். கூடவே கூடாது. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை மூட்டை கட்டிப் போட்டுவிட வேண்டும்.

துருப் பிடித்த சின்னச் சாமான்களுக்குப் பிளாஸ்டிக் டிரம், தண்ணீர், சலவை சோடா, பேட்டரி சார்ஜர் போதும். சாமானுக்கு மைனஸ், வேண்டாத இரும்புத் தகட்டுக்கு பிளஸ். துரு தளர்ந்து உதிரும், இரும்பு கரையாது. திறந்தவெளியில் வைக்க வேண்டும்; ஹைட்ரஜன் வரும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் போடக் கூடாது, தண்ணீர் நஞ்சாகிவிடும்.

*

உதிரிபாகம் தேடுவது தனி யாத்திரை. சென்னையில் புதுப்பேட்டை, இங்கே கோவையில் உக்கடம். கேட்ட பொருள் கிடைக்காது, கேட்காத பொருள் கிடைக்கும். ராணுவத்தின் ஒரு டன் நிசான் லாரியிலும் இதே எஞ்சின் குடும்பம்தான் என்பதால், ஜோங்கா என்று சொல்லாமல் நிசான் என்று கேட்டால் கடைக்காரர் உள்ளே போய்ப் பார்க்கிறார். கிடைக்காததைக் கணபதியில் லேத்துக்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். பம்பு செய்கிற ஊரில் இருப்பதில் இந்த வசதி உண்டு. மாதிரியைக் கையில் கொடுத்தால் போதும், படம் வரைய வேண்டாம். தேய்ந்த புஷ்ஷை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, தேயாமல் இருந்தபோது அது எவ்வளவு இருந்திருக்கும் என்று அவரே சொல்லிவிடுகிறார். தேய்மானத்திலிருந்து பழைய அளவைப் படிக்கிற அந்தக் கண்ணுக்கு எந்தப் பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள்?

அவினாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, 2015இல் திறந்தது. போய்ப் பார்த்தேன். எல்லா வண்டியும் பளபளப்பு. எந்த வண்டியின் அடியிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அழகுதான். எனக்கு அது வேண்டாம் என்று அங்கேதான் தெரிந்தது.

*

இது எங்கே ஓடியது?

வண்டியின் குறிப்பேடு ராணுவத்தோடு நின்றுவிட்டது. மணல் நிறப் பூச்சு இருக்கிறது. சட்டத்தின் பெட்டி போன்ற குழிவுகளைக் கம்ப்ரஸரால் ஊதியபோது மாவு போன்ற மணல் கொட்டியது. ராஜஸ்தான் என்று மனம் உடனே கதை கட்டுகிறது. கட்டட்டும், அதை நான் எழுத மாட்டேன். பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் இந்த ஆசை இருக்கிறது, தன் வண்டி ஒரு போரைப் பார்த்திருக்க வேண்டும் என்று. 1965 செப்டம்பரில் கேம்கரன் பக்கம் அசல் உத்தரில், ஜீப்பில் ஏற்றிய பின்னுதைப்பற்ற பீரங்கியால் பாட்டன் டாங்கிகளை அடித்து வீழ்த்தி, அங்கேயே உயிர்விட்டு, பரம்வீர் சக்கரம் பெற்றார் அப்துல் ஹமீது. அதே வகைப் பீரங்கியைப் பிற்பாடு ஜோங்காவிலும் ஏற்றினார்கள். அந்தக் கதையின் நிழல் எல்லா ஜோங்காக்கள் மேலும் விழுகிறது. 84இல் வாங்கிய இந்த வண்டிக்கு அதில் பங்கு இல்லை.

மிலிட்டரியிடம் கேட்டேன், அவர் காலத்தில் ஜோங்காவில் என்ன ஏற்றினார்கள் என்று.

“தபாலுங்க. காய்கறி. காய்ச்சல்ல படுத்த பையன். ஒருக்கா தபலா, ஆர்மோனியம் எல்லாம் ஏத்திட்டுப் போனோம், தீபாவளிக்கு.”

*

பழைய வண்டிகளுக்கென்று 2021இல் புதிய விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வியாபாரத்துக்கு ஓட்டாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘விஏ’ வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சட்டம், கூடு, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

இதற்கு இன்னும் அந்த வயதாகவில்லை. ஆனால் இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது. ஒன்று, எதையும் மாற்றாதே என்கிறது. இன்னொன்று, பிறந்த நிறத்தை மாற்று என்கிறது. இரண்டுக்கும் கட்டுப்பட்டு நிற்கிற ராணுவ வண்டி, உடம்பெல்லாம் அசலாகவும் தோல் மட்டும் வேறாகவும் இருக்கும்.

சாம்பல் நிறம் அடித்தேன். யானைச் சாம்பல். ஆர்.சி. புத்தகத்திலும் அதுவே. இடது மட்கார்டில் தேய்த்த அந்த வளையங்களின் மேலும் சாம்பல் ஏறிவிட்டது. பெயின்டர் அதை அப்படியே விட்டு மேலே வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். காட்சிக்கு வைத்தால் அது வேறு பொருளாகிவிடும். மழைக்குத் தாங்க வேண்டிய இடம் அது.

*

நிறம் இல்லை, எண் இல்லை, குறிப்பேடு இல்லை. டி.பி. எண்ணில் பாதி இல்லை. எதைத் திருப்பிக் கொடுப்பது என்ற கேள்விக்கு மிலிட்டரி தினமும் காலையில் வந்து பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அதை விருந்தாளி வருகை என்று எடுத்துக்கொண்டேன்.

ராணுவத்தில் வண்டிக்கு மூன்று பரேட். காலையில் கிளப்புவதற்கு முன் ஃபர்ஸ்ட் பரேட். வழியில் நிற்கும்போது ஹால்ட் பரேட். திரும்பி வந்து எஞ்சினை அணைக்கும்போது லாஸ்ட் பரேட். முதலாவதில் சுற்றி நடந்து, அடியில் ஒழுகல் பார்த்து, எண்ணெய், தண்ணீர், பெட்ரோல், பேட்டரி, ஃபேன் பெல்ட் தளர்ச்சி, டயர்க் காற்று, நட்டுகள், விளக்கு, ஹாரன் எல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டும். நேற்றுச் சரியாக இருந்தது என்பது இன்றைக்குக் கணக்கில் வராது.

நடுப் பரேட்தான் எனக்குப் பிடித்தது. முதன்முதலாகச் சாலையில் ஓட்டிப் பார்த்த அன்று, தடாகம் ரோட்டில் ஓர் ஆலமர நிழலில் நிறுத்தச் சொன்னார். இறங்கியதும் முதல் வேலையாக நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நீங்களும் வைங்க அம்மணி. உள்ளங்கை வேண்டாம், சுட்டா பிடிச்சுக்கும். புறங்கை.”

வைத்தேன். முன் இடது வெதுவெதுப்பு. பின் இரண்டும் அப்படியே. முன் வலதில் கை வைத்ததும் தானாக விலகியது. கொதிக்கவில்லை, ஆனால் மற்ற மூன்றோடு சேரவில்லை. பிரேக் ஷூ விட்டு வராமல் உரசிக்கொண்டிருந்தது; ஓட்டும்போது எனக்கு எதுவும் தெரியவில்லை, சத்தமில்லை, இழுப்பில்லை. பத்து கிலோமீட்டர் இன்னும் போயிருந்தால் தெரிந்திருக்கும், வாசனையில்.

இதற்குக் கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம். நான்கையும் தொட வேண்டும், ஒன்றை மட்டும் தொட்டால் எதுவும் தெரியாது. மிலிட்டரியின் படையில் எத்தனையோ ஆயிரம் பேர் தினமும் இதைச் செய்தார்கள். பெரும்பாலான நாள்களில் நான்கும் ஒரே சூடாகத்தான் இருந்திருக்கும். ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக நின்று, இறங்கி, தொட்டு, ஏறிப் போயிருக்கிறார்கள். இந்த வண்டியின் உலோகத்தில் அந்தப் புறங்கைகள் எதுவும் பதிந்திருக்காது. பெயின்டுக்கு அடியில் எவ்வளவு தேய்த்தாலும் கிடைக்காது. ஆனால் திருப்பிக் கொடுக்கக்கூடியது, சட்டம் தடுக்காதது, இது ஒன்றுதான்.

இப்போது காலையில் அவர் வருவதற்கு முன்னால் நானே ஒரு சுற்று முடித்துவிடுகிறேன். அவர் வந்து மறுபடி ஒரு சுற்று நடக்கிறார். என் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, அது அவர் சுற்று.

*

கடைசிப் பரேட்டில் மட்டும் எங்களுக்குள் சச்சரவு. இரவு டாங்க் நிரம்பியிருக்க வேண்டும் என்பது ராணுவப் பாடம். காலி டாங்கில் காற்று குளிர்ந்து உட்புறம் நீர் பூக்கும், துருப்பிடிக்கும். சரிதான். ஆனால் அந்தப் பாடம் வேறு பெட்ரோலுக்கு எழுதியது. ஈயம் கலந்த பெட்ரோலை 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க நிறுத்தினார்கள். இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கும். டாங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தினால் அவர் தடுக்க நினைத்த துருவை நானே ஊற்றி வைத்ததாக ஆகும்.

பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற வகையாக மாற்றிவிட்டேன். கார்புரேட்டரின் டயாஃப்ரமும் மாற்றியாயிற்று. டாங்கை முழுதாக நிரப்புவதா, கொஞ்சமாக வைப்பதா என்பது மட்டும் தீரவில்லை. நான் விஞ்ஞானம் சொல்ல, அவர் லே சாலையில் நடந்ததைச் சொல்ல, இப்படியே போனது.

கடைசியில் அவர்தான் வழி சொன்னார்.

“நிரப்பறோம். நிக்க விடாம தீர்த்துப் போடறோம்.”

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைகட்டி வரை போய் வருவதென்று முடிவாகியிருக்கிறது. மேட்டில் இரண்டாவது கியர், மாங்கரை தாண்டியதும் ஒரு ஹால்ட் பரேட். பெட்ரோல் செலவு என்னுடையது. டீக்கும் பஜ்ஜிக்கும் அவர் பென்ஷனிலிருந்து.